மூலம் என்று நினைத்த எட்டு மாதம்

நம் தங்கவயலில் மலத்தோடு ரத்தம் போனால் டாக்டரே தேவையில்லை. தெருவே வைத்தியம் சொல்லும். "மூலம்ப்பா, உடம்பு சூடு. எண்ணெய் தேய்த்துக் குளி, துத்திக்கீரை சாப்பிடு" என்பார்கள். 2010-ல் நானும் எட்டு மாதம் அப்படியே செய்தேன்.

2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கத்தை மூடிய பிறகு, நம்மவர் ஆயிரக்கணக்கானோரைப் போல நானும் மாரிக்குப்பத்தில் ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்குப் போகிறவன். அந்த எட்டு மாதமும் உரிகாம், கோரமண்டல், பங்காரப்பேட்டை, மாலூர் என்று ஒவ்வொரு ஸ்டேஷனையும், இங்கே இறங்கினால் கழிவறைக்கு ஓட முடியுமா என்ற கணக்கில்தான் பார்த்தேன். பதினொரு கிலோ இளைத்தேன். வெட்கத்தால் மனைவியிடம்கூடச் சொல்லவில்லை.

கடைசியில் பெங்களூரில் ஒரு டாக்டர் குழாய் விட்டுப் பார்த்து 'அல்சரேட்டிவ் கொலைட்டிஸ்' என்றார். பெருங்குடலின் உட்புறம் அழன்று புண்ணாகும் நோய். உடம்பின் காவற்படையே தன் குடலைத் தாக்குகிறதாம். இரைப்பையில் வரும் அல்சர் வேறு, இது வேறு. இதன் பங்காளி குரோன்ஸ் நோய். அது உணவுப் பாதையில் எங்கும் வரலாம். இரண்டும் அடங்கும், மீண்டும் கிளம்பும்.

ஸ்டீராய்டு எழுதுவதற்கு முன் அவர் கேட்ட கேள்வியை மறக்க முடியாது: "வீட்டில் யாருக்காவது டி.பி. இருந்ததா?" என் அப்பா சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் கல்தூசி சுவாசித்து சிலிகோசிஸ் வந்து, அதன்மேல் டி.பி.யும் வந்து போனவர். குடலில் வரும் டி.பி. குரோன்ஸ் போலவே வேஷம் போடும். அதற்கு ஸ்டீராய்டு கொடுத்தால் டி.பி. உடம்பெங்கும் பரவும். சுரங்கக் குடும்பத்தார் டாக்டர் கேட்காவிட்டாலும் இதைத் தாமே சொல்லிவிடுவது நல்லது.

மெசலமைன் மாத்திரையில் நோய் அடங்கியது. இரண்டு வருடம் சுகமாக இருந்ததும் புத்தி வேறு பக்கம் போனது. "இங்கிலீஷ் மருந்தை நிறுத்து, மஞ்சளே போதும்" என்று ஒருவர் சொன்னார், நிறுத்தினேன். நான்காம் மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்தேன், ரத்தம் ஏற்றினார்கள்.

மஞ்சள் மீது தப்பில்லை. 2006-ல் ஜப்பானில் நோய் அடங்கியிருந்த 89 பேரை வைத்து சோதித்தார்கள். மஞ்சளிலிருந்து எடுத்த குர்குமின் தினம் 2 கிராம் சாப்பிட்டவர்களில் ஆறு மாதத்தில் மறுபடி நோய் கிளம்பியது சுமார் 5 சதவீதம் பேருக்கு. வெறும் மாத்திரை தின்றவர்களில் 20 சதவீதம். ஆனால் இரு சாராருமே தங்கள் வழக்கமான மருந்தை நிறுத்தவில்லை! எனக்குச் சொன்னவர் இதை மட்டும் விட்டுவிட்டார். தினம் 450 மில்லிகிராம் கொடுத்துப் பார்த்த இந்திய ஆய்வொன்றில் (2017) பலன் தெரியவில்லை. மஞ்சளில் குர்குமின் நூற்றுக்கு மூன்று பங்குபோலத்தான் இருக்கிறது; 2 கிராமுக்கு 60 கிராமுக்கு மேல் மஞ்சள்தூள் வேண்டும். குழம்பில் போடுவது ருசிக்குத்தான். மிளகுச் சத்து சேர்த்த மஞ்சள் மாத்திரைகளால் சிலருக்குக் கல்லீரல் கெட்டதும் உண்டு. சீந்தில்கொடியும் அப்படியே, கொரோனா காலத்தில் அதைக் குடித்துக் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்களைப் பற்றி 2021-ல் டாக்டர்கள் எழுதினார்கள். எனவே எதைச் சேர்த்தாலும் என் டாக்டரிடம் காட்டிவிட்டே சேர்க்கிறேன்.

நோய் கிளம்பும் நாட்களில் ராகிக்களி, கீரை, பச்சை வெங்காயம் எனக்கு ஒத்துக்கொள்வதில்லை. குழைந்த சோறு, மோர், கஞ்சி. அடங்கியதும் களிக்குத் திரும்பிவிடுவேன்; அதை விட முடியுமா! மூட்டு வலிக்குக் கடையில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபெனாக், புரூஃபென் வகைகள் இந்த நோயைக் கிளப்பிவிடலாம் என்பதால் தொடுவதில்லை. மாலையில் மூச்சுப் பயிற்சி செய்கிறேன். புண் ஆறுகிறதோ இல்லையோ, ரயிலேறும் பயம் குறைந்திருக்கிறது.

ஒரு நாளில் ஆறு முறையோ அதற்கு மேலோ ரத்தத்தோடு போய், கூடவே காய்ச்சலோ 90-க்கு மேல் நாடித் துடிப்போ, ஏதாவது ஒன்று இருந்தாலும் கஞ்சி, கஷாயம் என்று வீட்டில் உட்காரக் கூடாது. அன்றைக்கே ஆஸ்பத்திரி.