ஆண்டுத்தொகையா, முதலா? கேட்கும் உரிமை யாருக்கு?

ஊரிலோ சென்னையிலோ வாழ்ந்து மறைந்த உறவினர் ஒருவர், மரணசாசனத்தில் எம்மவர் ஒருவருக்குப் பணம் எழுதி வைக்கிறார். ஆனால் பணம் நேரே கைக்கு வருவதில்லை. "இதைக்கொண்டு அவருக்கு ஆண்டுத்தொகை வாங்கிக் கொடுங்கள்" என்று பொறுப்பாளர் ஒருவரிடம் ஒப்படைக்கப்படுகிறது. இதுவே ட்ரஸ்ட் எனப்படும் நம்பிக்கைப் பொறுப்பு. பிளசன்டனில் புதிதாகக் குடியேறி, வீட்டு வாடகைக்கே திண்டாடும் குடும்பம், "சிறுகச் சிறுக வேண்டாம், முதலையே தாருங்கள்" என்று கேட்கலாமா?

எந்த நாட்டுச் சட்டம் அந்தப் பொறுப்பை ஆள்கிறது என்பதை முதலில் அறிய வேண்டும்.

இந்தியாவின் 1882ஆம் ஆண்டு நம்பிக்கைப் பொறுப்புச் சட்டம், 56ஆம் பிரிவில் இதற்கு நேரடியாகவே விடை தருகிறது. ஒருவருக்கு ஆண்டுத்தொகை வாங்க 10,000 ரூபா ஒப்படைக்கப்பட்டால், வயதுவந்த அவர் அந்த 10,000 ரூபாவையே கேட்டுப் பெறலாம் என்பது அச்சட்டமே காட்டும் உதாரணம். பயன்பெறுவோர் பலரானால், எல்லோரும் வயதுவந்தவர்களாகவும் ஒரே மனத்தினராகவும் இருக்க வேண்டும். தாயின் காலத்துக்குப் பின் மீதி பிள்ளைகளுக்கு என்றிருந்தால், தாய் தனித்து முழு முதலையும் கேட்க முடியாது.

1841இல் இங்கிலாந்தில் தீர்க்கப்பட்ட சோண்டர்ஸ் எதிர் வோட்டியர் வழக்கின் விதியும் இதுவே.

அமெரிக்கா வேறு வழி சென்றது. 1889இல் மாசச்சூசெற்ஸ் உயர் நீதிமன்றம், 30 வயதில்தான் மீதி என்று தந்தை எழியிருந்ததை மகன் முன்கூட்டியே கேட்டபோது மறுத்துவிட்டது. எழுதியவரின் நோக்கமே இங்கு பெரிது. கலிபோர்னியாவில் பயன்பெறுவோர் அனைவரும் சம்மதித்தால் நீதிமன்றத்திடம் விண்ணப்பிக்கலாம். ஆனால் எழுதியவரின் முக்கிய நோக்கம் நிறைவேறாமல் இருக்குமானால், அதையும் மிஞ்சும் காரணத்தை நீங்கள் காட்டவேண்டும்.

இங்குள்ள பொறுப்பாளர், எழுதியவர் இறந்து 60 நாட்களுக்குள் உங்களுக்கு அறிவித்தல் அனுப்ப வேண்டும். ஆவணத்தின் பிரதியைக் கேட்டுப் பெறுவது உங்கள் உரிமை. ஆவணத்தையே எதிர்த்து வழக்காடுவதானால், பொதுவாக அறிவித்தல் அனுப்பப்பட்டதிலிருந்து 120 நாட்களே அவகாசம். கடிதத்தை அலுமாரியில் போட்டுவிடாதீர்கள்.

இன்னொன்று. வீட்டில் முதியவர் எஸ்எஸ்ஐ உதவி பெறுகிறாரா? தனியொருவர் 2,000 டொலருக்கு மேல் கணக்கிடப்படும் சொத்து வைத்திருந்தால் அது நின்றுவிடும். முதலைக் கேட்டுப் பெற்றுத் தன் செலவுக்கு எடுக்கும் உரிமை அவருக்கு இருந்தாலே, கேட்காமல் விட்டாலும் அது அவர் சொத்தாகக் கணிக்கப்படலாம். ஆண்டுத்தொகையும் வருமானமாகக் கணிக்கப்படும்.

ஆகவே கையொப்பமிடுமுன் சட்டத்தரணி ஒருவரைக் காணுங்கள். பிளசன்டன் அடங்கிய அலமீடா கவுண்டியின் வழக்கறிஞர் சங்கம், பொருத்தமான சட்டத்தரணியைக் காட்டிவிடும். உறவினர் விட்டுச்சென்றது உங்கள் நன்மைக்காக. அதன் கணக்கைக் கேட்பது நன்றிகெட்ட செயல் அல்ல.