முகவரி யார் பெயரில் இருக்கிறது?

2020-ம் ஆண்டின் நடுவில் தமிழ் வலைப்பதிவுகளின் பழைய இணைப்புகள் கொத்துக் கொத்தாக வேலை செய்யாமல் போயின. பிளாக்கர் பதிவுகளுக்கான ‘பிளாக்ஸ்பாட் டாட் இன்’ என்ற முகவரி கூகுளின் கையை விட்டுப் போய், வேறொரு நிறுவனத்தின் வசம் வந்திருந்தது. 2012-ல்தான் கூகுள், இந்தியாவிலிருந்து பிளாக்கர் பக்கங்களைத் திறப்பவர்களை ‘டாட் காம்’ முகவரியிலிருந்து ‘டாட் இன்’ முகவரிக்குத் திருப்பிவிடத் தொடங்கியது. 2018-ல் அதைக் கைவிட்டது. இடைப்பட்ட ஆண்டுகளில் நம் ஆட்கள் ஃபேஸ்புக்கில் பகிர்ந்ததும் மின்னஞ்சலில் அனுப்பியதும் அந்த ‘டாட் இன்’ முகவரியைத்தான். கட்டுரைகள் ‘டாட் காம்’மில் பத்திரமாக இருந்தன, அங்கே போகிற வழிதான் அடைபட்டது. கூகுளுக்கே ஒரு டொமைன் கைநழுவும் என்றால் நாமெல்லாம் எம்மாத்திரம்?

புதிதாக வலைப்பதிவு தொடங்குகிறவர்கள் எந்த ஹோஸ்டிங் நல்லது, எது மலிவு என்றுதான் முதலில் கேட்கிறார்கள். முகவரி யார் பெயரில் இருக்கப்போகிறது என்று கேட்பவர் அபூர்வம். நான் அதிலிருந்துதான் தொடங்கச் சொல்வேன்.

மதுரைப் பக்கத்து டி. கல்லுப்பட்டியில் ஒருவர் ஊரைப் பற்றி எழுதப் புறப்படுகிறார் என்று வைத்துக்கொள்வோம். எழுத விஷயத்துக்குப் பஞ்சமில்லை. காந்தி நிகேதன் ஆசிரமம் இருக்கிறது. காந்தியப் பொருளாதார அறிஞர் ஜே. சி. குமரப்பா கடைசி ஆண்டுகளைக் கழித்தது அங்கேதான். ஏழு ஊர்க்காரர்கள் கூடும் முத்தாலம்மன் சப்பரத் திருவிழா இருக்கிறது. இவ்வளவையும் எழுதிவைக்க எவ்வளவு இடம் வேண்டும்? இணையத்தில் வழங்கும் யுடிஎஃப்-8 யூனிகோடில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று பைட். ‘கு’ என்று அடித்தால் ‘க’வுக்கு மூன்று, உகரக் குறிக்கு மூன்று, ஆக ஆறு. இந்தக் கட்டுரையின் நீளத்தில் ஒன்று எழுதினால் சுமார் 25 கேபி வரும். வாரம் ஒன்று வீதம் ஓராண்டு முழுக்க எழுதினாலும் ஒன்றரை எம்பியைத் தாண்டாது. செல்போனில் எடுத்த ஒரே ஒரு சப்பரப் படம் மூன்று, நான்கு எம்பி இருக்கும். படத்தைச் சுருக்கிப் போடத் தெரிந்துகொண்டால், ‘50 ஜிபி, 100 ஜிபி’ என்று விளம்பரம் காட்டும் ஆசையெல்லாம் நமக்கு எதற்கு?

ஆகவே தொடக்கக்காரருக்கு என் யோசனை: முதல் ஓராண்டுக்கு பிளாக்கரே போதும். இடத்துக்குக் காசு கிடையாது. சொந்த டொமைனை அதோடு இணைத்துக்கொள்ளவும் கூகுள் கட்டணம் கேட்பதில்லை. வேர்ட்பிரஸ் டாட் காமின் இலவசக் கணக்கில் அவர்கள் விளம்பரம் வரும். சொந்த டொமைன் வேண்டுமென்றால் பணம் கட்ட வேண்டும். ‘கூகுள் நாளைக்கே பிளாக்கரை மூடிவிட்டால்?’ என்பது நியாயமான பயம். 2013-ல் ரீடரையும் 2019-ல் கூகுள் பிளஸ்ஸையும் மூடியவர்கள்தானே. யாஹூவும் இலவசமாகத் தளம் வைக்க இடம் தந்த ஜியோசிட்டீஸை 2009 அக்டோபரில் இழுத்து மூடியது. ஆனால் முகவரி நம்முடையதாக இருந்தால், சரக்கைத் தூக்கிக்கொண்டு வேறிடம் போய், அதே முகவரியை அங்கே திருப்பிவிடலாம். வாசகருக்கு இடம் மாறியதே தெரியாது.

டொமைன் விஷயத்தில் ஒரு ஏமாற்றம் அடிக்கடி நடக்கிறது. வெப்சைட் போட்டுத் தருகிறவர், ‘எல்லாத்தையும் நாங்க பாத்துக்குறோம்ணே’ என்பார். டொமைனைத் தன் பெயரில், தன் மின்னஞ்சலில் பதிந்துவிடுவார். இரண்டு வருடம் கழித்து அவர் தொழிலை மாற்றியிருப்பார், போனை எடுக்க மாட்டார். பதிவு உங்கள் பெயரில், உங்கள் மின்னஞ்சலில், உங்கள் போன் நம்பரில் இருக்க வேண்டும். வேறு நிறுவனத்துக்கு மாற்றும்போது கேட்கப்படும் ‘ஆத் கோடு’ உங்கள் கைக்கு வர வேண்டும். முடிந்தால் டொமைனை ஒரு கடையிலும் ஹோஸ்டிங்கை இன்னொரு கடையிலும் வாங்குங்கள். ஒருவரோடு மனஸ்தாபம் வந்தாலும் மற்றது தப்பும்.

இனி காசு கொடுத்து வாங்கும் ஹோஸ்டிங். சொந்தமாக வேர்ட்பிரஸ் வைக்க ஆசைப்படுகிறவர்கள் வந்து சேருவது ஷேர்டு ஹோஸ்டிங்கில். ஒரே சர்வரில் நூற்றுக்கணக்கான தளங்கள் குடியிருக்கும். மாதம் இத்தனை ரூபாய் என்று கொட்டை எழுத்தில் இருக்கும் விலை, மூன்று, நான்கு ஆண்டுக்கு மொத்தமாக முன்பணம் கட்டினால்தான் கிடைக்கும். அதுவும் முதல் முறைக்கு மட்டும். ரினியூவலில் இரண்டு மடங்கோ மூன்று மடங்கோ ஆகும். மேலே 18 சதவீத ஜிஎஸ்டி வேறு. ஒப்பிட வேண்டியது அந்த ரினியூவல் விலையைத்தான்.

‘அன்லிமிடெட்’ என்ற சொல்லையும் நம்ப வேண்டாம். இடத்துக்கு வரம்பில்லை என்பார்கள். ஃபைல்களின் எண்ணிக்கைக்கும் சர்வரின் உழைப்புக்கும் விதிமுறைகளில் எங்கோ ஒரு மூலையில் வரம்பு இருக்கும். வேர்ட்பிரஸ் ஒவ்வொரு முறையும் டேட்டாபேஸைத் துழாவித்தான் பக்கத்தை உருவாக்குகிறது. சாதாரண நாளில் ஐம்பது பேர் வருகிற தளத்தில் பிரச்சினை இல்லை. சப்பரத்தன்று வாட்ஸ்அப் குழுக்களில் இணைப்பு பரவி, ஒரே நேரத்தில் முந்நூறு பேர் திறந்தால் ‘508 ரிசோர்ஸ் லிமிட்’ என்று வெள்ளைத் திரையில் ஒரு வரி வந்து நிற்கும். ஊரே பார்க்க வரும் நாளில்தான் கடை சாத்தியிருக்கும். கேஷ் ப்ளக்-இன் ஒன்றைப் போட்டு, உருவாக்கிய பக்கத்தையே திரும்பத் திரும்பக் கொடுக்கச் செய்தால் பாதிக்கு மேல் சமாளிக்கலாம்.

சர்வர் எந்த ஊரில் இருக்கிறது என்றும் கேளுங்கள். கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்குச் சுமார் இரண்டு லட்சம் கிலோமீட்டர்தான் போகும். மதுரைப் பக்கத்திலிருந்து அமெரிக்க சர்வருக்குப் போய்வர 200 மில்லிநொடிக்கு மேல் ஆகும். ஒரு பக்கம் திறப்பதற்குள் இப்படிப் பல நடை. வாசகர்கள் இங்கேயும் வளைகுடாவிலும் என்றால் மும்பை; சிங்கப்பூரிலும் இருக்கிறார்கள் என்றால் மும்பை, சிங்கப்பூர் இரண்டில் எதுவானாலும் சரி.

பேக்கப்புக்கு வருவோம். 2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் ஓவிஹெச் நிறுவனத்தின் ஐந்து மாடி டேட்டா சென்டர் எரிந்து போனது. லட்சக்கணக்கான தளங்கள் முடங்கின. பேக்கப்புக்குத் தனியாகப் பணம் கட்டிய ஒரு வாடிக்கையாளரின் நகலும் அதே கட்டடத்தில்தான் இருந்தது; அவர் நீதிமன்றம் போய் இழப்பீடு வாங்க வேண்டியதாயிற்று. ஹோஸ்டிங்காரர் தரும் பேக்கப் இருக்கட்டும். மாதம் ஒருமுறை நீங்களே இறக்கி, வீட்டுக் கணினியில் ஒன்று, கூகுள் டிரைவில் ஒன்று என வையுங்கள். மதுரைத் திட்டம் இதற்கு நல்ல முன்னுதாரணம். 1998 பொங்கலன்று, சுவிட்சர்லாந்தில் வசித்த கு. கல்யாணசுந்தரத்தின் முன்முயற்சியில் தொடங்கி, பழந்தமிழ் நூல்களைத் தன்னார்வலர்கள் தட்டச்சு செய்து ஏற்றினார்கள். எழுத்துருக் குறியீடு மாறியது, தொழில்நுட்பம் மாறியது. நூல்கள் இன்றும் கிடைக்கின்றன. யார் வேண்டுமானாலும் இறக்கி நகலெடுத்து வைத்துக்கொள்ளலாம் என்று விட்டதும் அதற்கு ஒரு காரணம்.

தமிழில் எழுதுகிறவருக்கென்றே சில தொல்லைகள் உண்டு. விற்கிறவர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள். வேர்ட்பிரஸ் பதிவின் முகவரிக்கு 200 எழுத்துத்தான் இடம் வைத்திருக்கிறது. தமிழ்க் குறி ஒன்று அங்கே சதவீதக் குறிகளோடு ஒன்பது எழுத்தாக விரியும். ‘முத்தாலம்மன் சப்பரத் திருவிழா’ என்று தலைப்பு வைத்தால் முகவரி ‘முத்தாலம்மன்-சப்பரத்-திர’ என்று வெட்டுப்பட்டு நிற்கும். முகவரியை மட்டும் ஆங்கில எழுத்தில் சின்னதாகக் கொடுத்துவிடுவது நல்லது. வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது இரண்டு முழ நீளத்துக்கு வாலும் நீளாது. இன்னொன்று, இடம் மாற்றும்போது டேட்டாபேஸின் எழுத்துக் குறியீடு ‘லத்தீன்’ என்று இருந்துவிட்டால் கட்டுரை முழுக்கக் கேள்விக்குறியாகிவிடும். அப்படியே சேமித்துவிட்டால் திரும்ப எடுக்கவும் முடியாது. ‘யுடிஎஃப்8எம்பி4’ என்று இருக்கிறதா எனப் பாருங்கள்.

பல நிறுவனங்கள் முப்பது நாளுக்குள் வேண்டாமென்றால் பணத்தைத் திருப்பித் தருகின்றன. டொமைனுக்குக் கட்டியது மட்டும் வராது. வாங்கிய முதல் வாரத்திலேயே பத்துப் பதிவுகளைப் படங்களோடு ஏற்றுங்கள். பிறகு மொத்தத்தையும் ஏற்றுமதி செய்து, வேறெங்காவது ஓர் இலவசக் கணக்கில் கொண்டுபோய் இறக்கிப் பாருங்கள். படம் வந்ததா, தேதி சரியா, ‘ழ’வும் ‘கொ’வும் உடையாமல் இருக்கின்றனவா என்று பாருங்கள். ஏதாவது சிக்கினால், இரவு பத்து மணிக்கு கஸ்டமர் கேரில் ஒரு கேள்வி போட்டு, மனிதர் பதில் சொல்கிறாரா என்றும் பார்த்துவிடலாம். பிடிக்கவில்லையா, முப்பது நாள் முடிவதற்குள் பணத்தைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.