ஆறு மாதக் கெடுவும் அட்வான்ஸ் பணமும்

சிவாஜிநகரில் வேலை கிடைத்து வரும் நம்மவர்களுக்கு முதல் கவலை வீடு. ரஸ்ஸல் மார்க்கெட்டிலிருந்து நடக்கிற தூரத்தில், கட்டில், பீரோ, காஸ் அடுப்போடு அறை கிடைத்தால் யாருக்குத்தான் ஆசை வராது? பெட்டியோடு வந்து இறங்கினால் போதுமே!

ஆனால் அக்ரிமெண்டில் ஒரு வரி இருக்கும்: "ஆறு மாதம் கட்டாயம் இருக்கவேண்டும், முன்னதாகக் காலி செய்தால் அட்வான்ஸ் கிடையாது." வீட்டுக்காரரைக் குறை சொல்வதற்கில்லை. சாமானுக்குப் பணம் போட்டிருக்கிறார். மாதம் ஒருவர் மாறினால் வெள்ளையடிக்கவும் தரகருக்குக் கொடுக்கவுமே வாடகை சரியாகிவிடும்.

நான்காம் மாதம் மாற்றல் உத்தரவு வந்தால்? வாடகை 8,000, அட்வான்ஸ் 40,000 என்று வைத்துக்கொள்வோம். முழுவதும் போய்விடுமா? 1872-ம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 74-வது பிரிவு, எழுதிய தொகையை உச்ச வரம்பாகத்தான் வைக்கிறது. அதற்குள் நியாயமான நஷ்டஈடுதான் கேட்கலாம். அடுத்த வாரமே வேறு ஆள் குடிவந்துவிட்டால், 40,000 ரூபாய் நஷ்டம் என்று எப்படிச் சொல்வது?

இதைக் கேட்க வாடகைச் சட்டம் இல்லையா என்பீர்கள். 1999-ம் ஆண்டு கர்நாடக வாடகைச் சட்டம் இருக்கிறது. ஆனால் பெங்களூரில் மாதம் 3,500 ரூபாய்க்கு மேல் வாடகையுள்ள வீடுகளுக்கு அது பொருந்தாது. இன்று அந்த வாடகைக்கு வீடு ஏது! ஆகவே அக்ரிமெண்டில் எழுதியதுதான் பேசும். கோர்ட்டுக்குப் போவதைவிட, கையெழுத்துக்கு முன் பேசுவது மலிவு. "மாற்றல் வந்தால் ஒரு மாத நோட்டீசில் காலி செய்யலாம்" என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். ஆறு மாதக் கெடு வீட்டுக்காரரையும் கட்டுப்படுத்த வேண்டும். பாதியில் அவர் காலி செய்யச் சொல்லக்கூடாது.

பதினோரு மாத அக்ரிமெண்ட் ஏன் என்று சிலர் கேட்கிறார்கள். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தாக வேண்டும். அந்தச் செலவைத் தவிர்க்கத்தான்.

சாமான் பட்டியலை மறக்காதீர்கள். கட்டில் கால் ஆடுகிறதா, பீரோ கண்ணாடியில் கீறல் உண்டா என்று பார்த்து எழுதி, இருவரும் கையெழுத்திட வேண்டும். செல்போனில் படமும் எடுத்துக்கொள்ளலாம். புழங்கியதால் வரும் தேய்மானத்துக்குக் குடியிருப்பவர் பொறுப்பல்ல என்று 1882-ம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டமே சொல்கிறது. பழைய கீறலுக்கு அட்வான்ஸில் பிடித்தம் செய்தால், காட்டுவதற்கு அந்தக் காகிதம் வேண்டும்.