தூக்கும் பையும் மீண்டும் வரட்டும்

வணிகப் பெருமக்களே, பை கேட்பவர் வாடிக்கையாளர். அபராதம் கட்டுபவர் கடைக்காரர். தமிழகத்தில் 1.1.2019 முதல் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் 14 வகை பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தடை உள்ளது. கேரி பேக் எவ்வளவு கனமாக இருந்தாலும் தடைதான். 23.12.2021-இல் அரசு 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கத்தைத் தொடங்கியது. மஞ்சப்பை நமக்கென்ன புதிதா?

எண்ணெய்க்குத் தூக்கு, அரிசிக்குத் துணிப்பை என்று வந்தவர்கள்தானே நம் வாடிக்கையாளர்கள்! பொட்டலம் கட்டிய நூலைக்கூட வீட்டில் உருண்டையாகச் சுற்றி வைப்பார்கள். கிழிந்த சாக்கு மிதியடியாகும். எண்ணெய் டின் அரிசி டின்னாகும். இதைக் கஞ்சத்தனம் என்று இன்று சிலர் சிரிக்கலாம். சிரிக்கட்டும்.

பழையதில் ஒன்று மட்டும் வேண்டாம். செய்தித்தாளில் உணவுப் பண்டம் கட்டக்கூடாது; அச்சு மை உணவில் ஒட்டும். 2018-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு விதிகளும் அதைத் தடுக்கின்றன. அச்சிடாத காகிதமே நல்லது.

பாத்திரம் கொண்டுவருபவரிடம் முகம் சுளிக்காதீர்கள். வெறும் பாத்திரத்தைத் தராசில் வைத்து, எடையைக் கழித்துச் சுழியாக்கி, அவர் கண் முன்னே காட்டிவிட்டுப் பொருளைப் போடுங்கள். இதில் சந்தேகம் வந்தால் மறுமுறை பாத்திரம் வராது. பையோடு வரும் பிள்ளைக்கு ஒரு கடலை மிட்டாய் கொடுங்கள். அடுத்த முறை அம்மாவுக்கு அதுவே நினைவூட்டும்.

மண்டியில் நாங்கள் சாக்கு, டின், அட்டைப்பெட்டி மூன்றையும் தனித்தனியே அடுக்குகிறோம். அட்டை நனையாமல் இருக்கட்டும். ஈர அட்டைக்குப் பழைய பேப்பர்காரர் விலை குறைத்துவிடுவார்.