கணக்குப் பொறியை நம்புவது எப்படி?



சம்பளச் சீட்டு கைக்கு வந்ததும், படிக்கிற பிள்ளையைக் கூப்பிட்டு “கூட்டிப் பாரு” என்று சொல்வது நம் வீடுகளில் வழக்கம். முன்பு கிராணியார் கையால் போட்ட கணக்கை இப்போது கணினி போடுகிறது. கிராணியாரிடம் “இது எப்படிங்க வந்தது?” என்று கேட்கலாம். கணினியிடம் எப்படிக் கேட்பது?

ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். பால் 40 கிலோ, கிலோவுக்கு 2 வெள்ளி. முன்பணப் பிடிப்பு வாரம் 5 வெள்ளியாக 3 வாரம். எண்கள் நாம் கற்பித்துக்கொண்டவைதாம். 40 × 2 − 3 × 5 என்று எழுதுகிறோம், விடை 65. இந்த வடிவம் கணினிக்குள் இருக்கும் பொறிக்கு விளங்காது. அதற்குச் சின்னச் சின்னக் கட்டளைகளாக மாற்றித் தரவேண்டும். அப்படி மாற்றித் தரும் நிரலைக் கம்பைலர் என்பார்கள். நாம் மொழிமாற்றி என்போம்.

பொறிகளில் மிக எளியது அடுக்குப் பொறி. பால் மங்குகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கியிருப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். மேலே வைக்கலாம், மேலிருந்து எடுக்கலாம். நடுவில் கை வைக்க முடியாது. மொழிமாற்றி தரும் கட்டளைகள் இவை: 40-ஐ வை, 2-ஐ வை, பெருக்கு. ‘பெருக்கு’ என்றதும் மேலே உள்ள இரண்டையும் எடுத்து, பெருக்கிய விடையை அதே இடத்தில் வைக்கும். இப்போது அடுக்கில் 80. பிறகு 3-ஐ வை, 5-ஐ வை, பெருக்கு. 80-இன்மேல் 15 வந்துவிட்டது. கடைசியாக, கழி. 65.

எதிலிருந்து எதைக் கழிப்பது? மேலே இருப்பது 15, அடியில் இருப்பது 80. பொறி மேலே உள்ளதிலிருந்து அடியில் உள்ளதைக் கழித்துவிட்டால், 65 வெள்ளி வாங்க வேண்டியவர் 65 வெள்ளி கடன்காரர் ஆகிவிடுவார்! கூட்டல் கணக்கும் பெருக்கல் கணக்கும் ஆயிரம் கொடுத்துச் சோதித்தாலும் இந்தப் பிழை தலைகாட்டாது. அவற்றில் முன்பின் மாறினாலும் விடை ஒன்றுதானே?

முக்கோணத்தின் மூன்று கோணங்களும் சேர்ந்து 180 பாகை என்று பள்ளியில் படிக்கிறோம். உலகத்து முக்கோணங்களை எல்லாம் அளந்தா சொல்கிறோம்? நிறுவிக் காட்டுகிறோம். மொழிமாற்றியையும் அவ்வாறே நிறுவலாம். நிறுவலைப் படிபடியாகச் சரிபார்க்கவே தனி நிரல்கள் உண்டு. ஒரு படியைத் தாண்டிப் போனாலும் அவை ஏற்பதில்லை. கண்டிப்பான வாத்தியாரைவிடக் கண்டிப்பு.

கணக்குகளுக்கு எல்லை இல்லை. ஆனால் எந்தக் கணக்கும் இரண்டே வகையில் உருவாகிறது. ஒன்று, தனி எண். அல்லது, இரண்டு சிறிய கணக்குகளை ஒரு குறி இணைப்பது. தனி எண்ணுக்கு ‘வை’ என்ற கட்டளையே போதும். இணைந்த கணக்குக்கு, சிறியவை இரண்டும் சரியாக நடக்கும் என்று கொண்டு, பெரியதும் சரி என்று காட்டவேண்டும். இதைத் தொகுத்தறிதல் என்பார்கள்.

இங்கே ஒரு முட்டுக்கட்டை உண்டு. முதன்முதலாகச் செய்து பார்ப்பவர்கள் பெரும்பாலும் இதில்தான் தடுமாறுவார்கள். “காலி அடுக்கில் தொடங்கினால் முடிவில் சரியான விடை இருக்கும்” என்பதுதான் நாம் நிறுவ விரும்புவது. அது உண்மையும்கூட. ஆனாலும் நிறுவல் பாதியில் நின்றுவிடுகிறது. ஏன்? 3 × 5 தொடங்கும்போது அடுக்கு காலியாக இல்லை. 80 அங்கே உட்கார்ந்திருக்கிறது. காலி அடுக்கைப் பற்றிய கூற்று அங்கே உதவாது. ஆகவே பெரிதாகவே சொல்லவேண்டும்: அடுக்கில் முன்பே எது இருந்தாலும் அதைக் குலைக்காமல், விடையை அதன்மேல் வைக்கும், பின்னால் எந்தக் கட்டளைகள் வந்தாலும் அங்கிருந்து தொடரும். அதிகமாகச் சொன்னால் நிறுவுவது எளிதாகிறது. வேடிக்கையாக இல்லையா?

கழித்தலை முன்பின் மாற்றி அமைத்திருந்தால் என்ன ஆகும்? எந்த இரண்டு எண்ணையும் எப்படிக் கழித்தாலும் விடை ஒன்றே என்று காட்டச் சொல்லி, சரிபார்க்கும் நிரல் அங்கேயே நின்றுவிடும். அதை யாரால் காட்ட முடியும்? பிழை அகப்பட்டுவிட்டது.

ஒன்றை மறக்கக்கூடாது. 40 கிலோவை 30 என்று பதிந்துவிட்டால், நிறுவப்பட்ட மொழிமாற்றியும் அந்த 30-ஐத்தான் ஒழுங்காகப் பெருக்கித் தரும். எடை போடும் இடத்தில் நடப்பதற்கு இந்த நிறுவல் பொறுப்பாகாது.

மொழிமாற்றி சரியே என்று அமெரிக்காவின் ஜான் மெக்கார்த்தியும் ஜேம்ஸ் பெயின்டரும் 1967-இல் வெளியான கட்டுரையில் காகிதத்தில் நிறுவினார்கள். மிகச் சிறிய மொழி அது. எண், மாறி, கூட்டல், அவ்வளவே. 1972-இல் ராபின் மில்னரும் ரிச்சர்டு வெய்ரௌக்கும் இவ்வகை நிறுவலைக் கணினியைக் கொண்டே சரிபார்க்கும் வேலையை வெளியிட்டார்கள். பின்பு பிரான்சில் சேவியர் லெருவாவும் அவர் குழுவினரும், சி என்னும் பெரிய மொழிக்கு காம்ப்சர்ட் என்ற மொழிமாற்றியை நிறுவலோடு உருவாக்கினார்கள். அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் பல சி மொழிமாற்றிகளுக்குத் தாறுமாறான நிரல்களைக் கொடுத்துச் சோதித்து, அதுவரை அறியப்படாத 325-க்கும் மேற்பட்ட பிழைகளைக் கண்டதாக 2011-இல் எழுதினார்கள். காம்ப்சர்ட்டையும் அவர்கள் விட்டுவைக்கவில்லை. அதில் அகப்பட்ட சில பிழைகள், நிறுவாமல் விட்டிருந்த பகுதிகளிலேயே இருந்தன.