ஹெஜெமனி

ஹெஜெமனி என்பது ஒரு நாடோ, குழுவோ, வகுப்போ பிற நாடுகள் அல்லது குழுக்கள் மீது கொண்டுள்ள மேலாதிக்கத்தைக் குறிக்கும் ஆங்கிலப் பெயர்ச்சொல் ஆகும். தலைமை எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து இது தோன்றியது.

பொருள்

ஒருமுறை பெற்ற வெற்றியை அன்றி, நிலைத்த தலைமையையே இச்சொல் குறிக்கும். இத்தாலியச் சிந்தனையாளர் அந்தோனியோ கிராம்சி, 1929 முதல் 1935 வரை எழுதிய சிறைக் குறிப்பேடுகளில், ஆளப்படுவோரின் இசைவைப் பெற்று நிலைக்கும் ஆதிக்கத்தை இச்சொல்லால் விளக்கினார். ஆகவே அவர் கருதிய பொருளில் எழுதும்போது, வெறும் அடக்குமுறையை ஹெஜெமனி என்பது பொருந்தாது. அடக்கப்பட்டோர் அதற்கு இசைந்தனர் என்று பொருள் திரிந்துவிடும்.

பயன்பாடு

இச்சொல் பெரும்பாலும் ஒருமையில் வரும். யார் மீது என்பதைக் காட்ட "ஓவர்" என்னும் சொல் இதனுடன் சேரும்.

* சரி: கிரேக்க நகர அரசுகள் மீதான ஸ்பார்ட்டாவின் ஹெஜெமனி, கி.மு. 371இல் லியூக்ட்ரா போரில் முறிந்தது.
* பிழை: நேற்றைய ஆட்டத்தில் எங்கள் அணி ஹெஜெமனி செலுத்தியது. (இங்கு "டாமினன்ஸ்" என்பதே பொருந்தும்.)