மின்சாரம் மருந்தாகுமா?

அன்று எங்கள் கற்போர் மையத்தில் பாடம் முடிந்தது. எல்லோரும் கிளம்பினார்கள். ஓர் அக்கா மட்டும் எழுந்திருக்கவில்லை.

“தம்பி, ஒரு சந்தேகம். என் அண்ணன் மகனுக்கு மூளையில் கட்டியாம். ஆபரேஷன் செய்ய வேண்டும் என்கிறார் டாக்டர். பக்கத்து ஊரில் ஒருவர் கத்தியே வேண்டாம் என்கிறார். கரண்ட் பெட்டி வைத்துக் கட்டியைக் கரைத்துவிடுவாராம். பணம் கேட்கிறார். கொடுக்கலாமா?” என்று கேட்டார்.

எனக்கு உடனே பதில் சொல்லத் தெரியவில்லை. மறுநாள் ஆரம்ப சுகாதார நிலைய டாக்டரிடம் கேட்டேன். படித்தும் பார்த்தேன். தெரிந்துகொண்டதை உங்களுக்கும் சொல்கிறேன்.

மூளைக் கட்டி என்றால் என்ன?

வீடு செங்கற்களால் ஆனது. நம் உடல் செல்களால் ஆனது. செல் மிகமிகச் சிறியது. ஒரு செல் இரண்டாகும். இரண்டு நான்காகும். இப்படித்தான் குழந்தை வளர்கிறது. புண் ஆறுகிறது.

தேவை முடிந்ததும் செல் பெருகுவது நிற்க வேண்டும். சில சமயம் நிற்பதில்லை. அதுதான் கட்டி ஆகிறது. எல்லாக் கட்டியும் புற்றுநோய் அல்ல. ஆனால் கிளியோபிளாஸ்டோமா என்ற மூளைக் கட்டி கொடியது. அது வேகமாக வளரும். வயலில் கோரை பரவுவது போல மூளைக்குள் பரவும். வெட்டி எடுத்தாலும் மிச்சம் தங்கிவிடும். அதனால்தான் ஆபரேஷனுக்குப் பிறகு கதிர் சிகிச்சையும் மருந்தும் தருகிறார்கள்.

மின்சாரம் என்ன செய்கிறது?

இந்தக் கட்டிக்கு மின்சார சிகிச்சை இருப்பது உண்மைதான். இஸ்ரேல் நாட்டு விஞ்ஞானி யோரம் பால்ட்டி இதை உருவாக்கினார். திரும்ப வந்த கட்டிக்கு இதைப் பயன்படுத்த அமெரிக்க அரசு 2011-இல் அனுமதி தந்தது. புதிதாகக் கண்டுபிடித்த கட்டிக்கு 2015-இல் அனுமதி தந்தது.

நோயாளியின் தலையை மழித்துவிடுவார்கள். மருந்துப் பட்டை போன்ற ஒட்டுப் பட்டைகளைத் தலையில் ஒட்டுவார்கள். ஒயர் ஒரு சிறு பெட்டிக்குப் போகும். அது பேட்டரியில் ஓடும். பெட்டியைப் பையில் போட்டுக்கொண்டு நடமாடலாம். ஒரு நாளில் 18 மணி நேரமாவது பட்டைகள் தலையில் இருக்க வேண்டும்.

ஷாக் அடிக்காதா? அடிக்காது. நம் வீட்டு மின்சாரம் ஒரு நொடியில் 50 சுற்று மாறி மாறி ஓடுகிறது. இதுவோ ஒரு நொடியில் 2 லட்சம் சுற்று மாறுகிறது. அளவும் மிகக் குறைவு. இவ்வளவு வேகமாக மாறும் மெல்லிய மின்சாரம் நரம்பைத் தூண்டாது.

செல் இரண்டாகும்போது அதற்குள் மெல்லிய இழைகள் உண்டாகும். அவை உள்ளே இருப்பதை இரண்டு பங்காக இழுத்துப் பிரிக்கும். இழையைக் கட்டும் துகளுக்கு டார்ச் பேட்டரி போல இரண்டு முனை உண்டு. ஒன்று பாசிட்டிவ். மற்றது நெகட்டிவ். மாறி மாறி ஓடும் மின்சாரம் துகள்களை ஒழுங்காகச் சேர விடுவதில்லை. பங்கு சரியாகப் பிரிவதில்லை. செல் செத்துப்போகிறது. விஞ்ஞானிகள் இப்படி விளக்குகிறார்கள். நல்ல நரம்பு செல்கள் பெரும்பாலும் பெருகுவதில்லை. அதனால் அவற்றுக்குக் கெடுதல் குறைவு. பட்டை ஒட்டிய இடத்தில் தோல் சிவந்து புண்ணாகலாம்.

எவ்வளவு பலன்?

பல நாடுகளில் 695 நோயாளிகளிடம் சோதித்தார்கள். முடிவு 2017-இல் வெளிவந்தது. மருந்து மட்டும் பெற்றவர்களில் 100-க்கு 5 பேர் ஐந்து ஆண்டுகள் உயிரோடு இருந்தார்கள். மருந்தோடு மின்சாரமும் பெற்றவர்களில் 100-க்கு 13 பேர் இருந்தார்கள்.

ஆகவே இது நோயை அடியோடு போக்குவதில்லை. ஆயுளைக் கொஞ்சம் நீட்டுகிறது. ஆபரேஷனுக்குப் பதிலாக இதைச் செய்வதும் இல்லை. செலவு மிக அதிகம். எல்லா மருத்துவமனைகளிலும் இது கிடையாது.

நாம் என்ன செய்ய வேண்டும்?

தலைவலி எல்லாம் கட்டி அல்ல. ஆனால் நாளுக்கு நாள் கூடும் தலைவலி, காலையில் வாந்தி, புதிதாக வரும் வலிப்பு, ஒரு பக்கக் கைகால் பலவீனம், பேச்சுக் குழறல், பார்வை மங்கல் இருந்தால் உடனே டாக்டரிடம் போங்கள்.

வலிப்பு வந்தால் கையில் சாவி கொடுக்காதீர்கள். இரும்பு வலிப்பை நிறுத்தாது. வாயில் எதையும் திணிக்காதீர்கள். ஆளை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். ஐந்து நிமிடத்தில் நிற்காவிட்டால் ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்கள்.

பணம் இல்லையே என்று தள்ளிப்போடாதீர்கள். அரசு காப்பீட்டு அட்டை உள்ளவர்கள் அதை எடுத்துச் செல்லுங்கள். ஆயுஷ்மான் பாரத் திட்டத்தில் புற்றுநோய்ச் சிகிச்சையும் உண்டு.

இதையெல்லாம் அக்காவிடம் சொன்னேன். அடுத்த வாரம் அவரே வந்து சொன்னார்:

“பெட்டிக்காரர் வீட்டுக்கு வந்தார், தம்பி. என்ன சிகிச்சை, எவ்வளவு பணம், எல்லாம் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள், நான் படித்துப் பார்க்கிறேன் என்றேன். நீ படிப்பாயா என்று கேட்டார். படிப்பேன் என்றேன். போனவர் திரும்பி வரவே இல்லை.”

அண்ணன் மகன் இப்போது பெரிய ஆஸ்பத்திரியில் சேர்ந்திருக்கிறான்.